ஆடிக் காற்றும் அனல் மின் நிலையமும்

ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றில் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேடிக்கை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுதான் அன்றைய வேலை. காற்று ஏற ஏற, எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்கிற லோட் டெஸ்பாட்ச்சிலிருந்து போன் வரும், லோடை, அதாவது உற்பத்தியை, இறக்கச் சொல்லி.

பல்லடத்தில் தறி ஓட்டுகிற மாமா ஒருத்தர் கேட்டார்: "ஏனுங் மாப்ள, காத்து சும்மா வருதில்ல, அப்புறம் எதுக்குக் கரியப் போட்டு எரிக்கறீங்க? நிறுத்தி வெச்சுட்டு வேணும்ங்கறப்ப போட்டுக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் 210 மெகாவாட் யூனிட் தறி மோட்டார் இல்லை. ஆறிப்போன பாய்லரை எண்ணெய் விட்டுப் பற்றவைத்து, நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, டர்பைனை நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்குக் கொண்டுவந்து கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், சேர்ப்பதற்குள் ஒரு ஷிஃப்ட் முழுசாகப் போய்விடும். அவசரப்பட்டால் தடித்த உலோகம் உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு என்று விரிந்து விரிசல் விடும். நிறுத்துவதும் லேசில்லை. நின்ற டர்பைனை அப்படியே விட்டால் தண்டின் கீழ்ப்பக்கம் சீக்கிரம் ஆறி, மேல்பக்கம் சூடாகவே இருந்து, தண்டு வளைந்துவிடும். அதனால் ஆறி முடிகிற வரைக்கும் டர்னிங் கியரில் போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே நிறுத்துவதில்லை, இறக்குவோம். முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்க முடிய வேண்டும் என்பது 2023-இல் மத்திய மின்சார ஆணையம் போட்ட விதி, போகப் போக 40-க்கு வர வேண்டுமாம். மேட்டூரின் பழைய நான்கு யூனிட்டுகள் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்தவை, வருஷம் பூரா ஒரே லோடில் ஓட வேண்டும் என்று கட்டியவை. அவற்றைத் தினமும் இப்படி ஏற்றி இறக்கினால் குழாய்கள் களைத்துப்போகும், கசியும். டெல்லியில் உட்கார்ந்து சதவீதம் எழுதுவது சுலபம்.

இறக்கும்போது நிலக்கரியை அரைக்கிற மில்களை ஒவ்வொன்றாக நிறுத்துவோம், பாய்லருக்குள் சுடர் மெலியும். மழையில் நனைந்த கரி வந்து, மில்லுக்குக் கரி தள்ளுகிற ஃபீடரில் அடைத்துக்கொண்டால் சுடரே தள்ளாடும், உடனே எண்ணெய் பீய்ச்சி எரிக்கிற ஆயில் கன் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆயிலின் விலையை நினைத்தால் வயிறு எரியும், அது வேறு கதை.

புதிதாக டெஸ்க்குக்கு வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது டிரம் லெவல், அதாவது பாய்லரில் தண்ணீரும் நீராவியும் பிரிகிற உருளைத் தொட்டியின் நீர்மட்டம். திடீரென நீராவியை அதிகமாக இழுத்தால் டிரம்மில் அழுத்தம் குறைந்து, தண்ணீருக்குள் இருக்கிற குமிழிகள் பால் பொங்குகிற மாதிரி உப்பும். மீட்டரில் லெவல் ஏறும். உண்மையில் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். மீட்டரை நம்பி உள்ளே விடுகிற தண்ணீரைக் குறைத்தால், உப்பல் அடங்கியதும் லெவல் சடாரென்று விழும், யூனிட் ட்ரிப், தானாக நின்றுவிடும். லெவல் அதிகமானாலும் ட்ரிப், குறைந்தாலும் ட்ரிப். ஆட்டோ கன்ட்ரோல் இருக்கிறதுதான், ஆனால் லோடு ஆட்டம் கண்டால் சில சமயம் மேனுவலுக்கு எடுக்க வேண்டிவரும், அப்போது கை பதறக் கூடாது.

இத்தனையும் எதற்கு என்றால், கம்பியில் போகிற மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. உற்பத்தி மிஞ்சினால் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போகும், குறைந்தால் கீழே வரும், 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு சேர்ந்த பிறகு ஆட்டம் எவ்வளவோ அடங்கியிருக்கிறது.

சேர்த்து வைக்க நம் பக்கமே ஒரு வழி இருக்கிறது: ஆழியாறுக்கு மேலே, மலைக்குள் குடைந்து கட்டிய காடம்பாறை நீர்மின் நிலையம். நூறு நூறு மெகாவாட்டில் நான்கு மெஷின்கள். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது சில நிமிஷத்தில் திருப்பி இறக்கி ஓட்டுவார்கள். 1980-களின் கடைசியில் வந்தது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு மூன்று கட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது சோலாரும் சேர்ந்துகொண்டது. மதியம் எங்களை இறங்கச் சொல்கிறார்கள், வெயில் தாழ்ந்து வீடுகளில் லைட் போடுகிற நேரத்தில் மளமளவென ஏறச் சொல்கிறார்கள். சாயங்காலம் பி ஷிஃப்ட்டில் இருக்கிறவன் டீ குடிக்க எழுந்து போவது கஷ்டம்தான்.