நீலம் மறையும் நேரம்

2019 பிப்ரவரி 2, சனி

வரும் 11ஆம் தேதி எங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு. திருவரங்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்று மாலை நாங்கள் நால்வரும் ரெக்கார்டு நோட்டுகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே ஒரு குட்டு வெளிப்பட்டது. ஸ்டார்ச் எனும் மாவுச்சத்தை உடைக்கும் நொதியான உமிழ்நீர் அமைலேஸ் பற்றிய சோதனைக்கு நால்வர் நோட்டிலும் ஒரே நேரங்கள், ஒரு நொடிகூடப் பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. சென்ற ஆண்டு படித்த அக்கா ஒருவரின் நோட்டிலிருந்து நாங்கள் எடுத்த எண்கள் அவை. அவருக்கு யாரிடமிருந்து வந்தனவோ!

சோதனை எளிதுதான். வாயைக் கொப்பளித்துவிட்டு உமிழ்நீரைச் சேகரித்து, பஞ்சில் வடிகட்டி, நீர் கலந்து, ஒரு சதவீத ஸ்டார்ச் கரைசலில் சேர்க்க வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டின் குழிகளில் உள்ள அயோடினில் விட வேண்டும். ஸ்டார்ச் இருக்கும்வரை அயோடின் கருநீலமாகும்; கருநீலம் தோன்றாமல் அயோடினின் மஞ்சள் பழுப்பு மட்டுமே எஞ்சும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. இதை 5, 37, 80 டிகிரி என்று மூன்று வெப்பநிலைகளில் செய்ய வேண்டும்.

சண்டை 5 டிகிரியில் தொடங்கியது. முதல் பெஞ்சுக்காரி, குளிரில் நொதி அழிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாள். அப்படியானால் ஃபிரிட்ஜில் வைத்த தோசைமாவு வெளியே எடுத்ததும் எப்படிப் புளிக்கிறது என்று கேட்டான் கூடைப்பந்து ஆடுபவன். மாவைப் புளிக்கவைப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள், அதை வைத்துத் தனி நொதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று அவள் மடக்கினாள். அவன் சொன்னதே சரி என்று எனக்குத் தோன்றினாலும், அவன் காட்டிய சான்று சரியில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, ஞாயிறு

புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படியிலேயே செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஸ்டார்ச்சுக்கு அம்மா வடித்த கஞ்சி, அயோடினுக்கு நீர் கலந்த பெட்டாடைன், வெள்ளை ஓட்டுக்குப் பீங்கான் தட்டு. அம்மா வழக்கம்போல் கஞ்சியில் உப்புப் போட்டிருந்தார். அதுவும் நல்லதுதான், ஏனென்றால் இந்த அமைலேஸ் நன்றாக வேலை செய்யக் குளோரைடு அயனி தேவை; ஆய்வகத்தில் சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்ப்பதும் அதற்காகத்தான்.

தட்டில் விழுந்த முதல் சொட்டு மைபோல் கறுத்தது. மூன்றாவதில் ஊதா ஓடியது. ஐந்தாவதில் சொட்டின் ஓரம் செங்கற்பொடி நிறத்துக்கு மாறி, நடுவில் மட்டும் ஊதா ஒரு கடுகளவு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ச் ஒரே வெட்டில் மால்டோஸ் என்ற சர்க்கரையாகிவிடுவதில்லை, இடையில் டெக்ஸ்ட்ரின்கள் என்ற துண்டுகள் உண்டு, அவற்றில் பெரியவை அயோடினுடன் சிவப்புக் காட்டும் என்று மனப்பாடம் செய்திருந்த வரியை அம்மாவின் தட்டில் கண்ணால் பார்த்தபோது நால்வரும் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு அமிலத்தில் என்ன ஆகும் என்று பார்க்க, கஞ்சியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தோம். உமிழ்நீர் அமைலேஸுக்கு ஏறத்தாழ 6.8 என்ற பி.எச். உகந்தது, கடும் அமிலத்தில் அது முடங்கும், ஆகவே நீலம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்தோம். நடந்ததோ நேர்மாறு. முதல் சொட்டிலேயே அயோடினின் பழுப்புகூட மிஞ்சாமல் எல்லாம் வெளுத்துப்போயிற்று. அமிலத்தில் நொதி பறக்கிறது என்று கூடைப்பந்துக்காரன் கூத்தாடினான்.

எங்களில் அதிகம் பேசாதவள் நான்காமவள். அவள் உமிழ்நீர் சேர்க்காத கஞ்சியில் எலுமிச்சையைப் பிழிந்து அதையும் சொட்டினாள். அதுவும் வெளுத்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி அயோடினையே அயோடைடாக மாற்றி நிறத்தைக் கெடுத்துவிடுகிறது; ஸ்டார்ச் எங்கும் போகவில்லை. சாற்றுக்குப் பதில் வினிகரை ஊற்றியதும் நீலம் அசையாமல் நின்றது. நொதி சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழாய் எதற்கு என்ற கேள்விக்கு நோட்டில் மூன்று வரி விடை எழுதியிருக்கிறேன், ஆனால் அதன் பொருள் இன்றுதான் எனக்கு விளங்கியது.

இந்தக் களேபரத்தில் குளிர்க்குழாய்ச் சண்டையைத் தீர்க்க நேரமில்லாமல் போயிற்று.

பிப்ரவரி 4, திங்கள்

தை அமாவாசை. காவிரிக் கரையிலுள்ள ‘அம்மா மண்டபம்’ படித்துறைக்குப் போகும் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டதால் யாரும் வரவில்லை. வாய்மொழித் தேர்வுக்காக நொதிகளின் வரலாற்றைப் புரட்டினேன். 1897இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றும் இல்லாத சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்கச் செய்திருக்கிறார். 1907இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். தோசைமாவு வாதத்துக்கு இதில் பாதி உயிர் திரும்புகிறது என்று கூடைப்பந்துக்காரனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மீதிப் பாதியைப் பற்றி அவன் கேட்கவில்லை.

1926இல் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, நொதி ஒரு புரதம் என்று காட்டிய ஜேம்ஸ் சம்னர், சிறுவயதில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவராகவும் இருந்திருக்கிறார். இரண்டு கைகள் இருந்தும் சென்ற பருவத்தில் நான் உடைத்த பிப்பெட்டுகள் இரண்டு.

பிப்ரவரி 6, புதன்

ஆய்வகத்தில் ஒத்திகை. 80 டிகிரி நீர்த்தொட்டியிலிருந்து எடுத்த குழாயில் முதல் பெஞ்சுக்காரி அவசரத்தில் அயோடினை நேராக ஊற்றிவிட்டாள். நீலம் வரவில்லை. வெப்பத்தில் நொதி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதப் பேனாவைத் திறந்தவளை மிஸ் தடுத்து, குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழாய் ஆற ஆற, அடியிலிருந்து மேலே புகை படிவதுபோல் நீலம் ஏறியது. சூட்டில் ஸ்டார்ச்சின் சுருளைவிட்டு அயோடின் விலகி நிற்கும், ஆறியதும் திரும்பவும் உள்ளே போய் அமரும் என்று மிஸ் விளக்கினார். ஓட்டில் சொட்டுவிட்டால் அது உடனே ஆறிவிடும் என்பதால் இந்த ஏமாற்று நேராது.

37 டிகிரியில் என் குழாய்க்கு ஒன்பது நிமிடம் பிடித்தது, பக்கத்து மேசைக்காரிக்கு நான்கே நிமிடம். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பயந்தேன். உமிழ்நீரில் எவ்வளவு நீர் கலந்தோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற மிஸ், வேறொன்றும் சொன்னார். இந்த அமைலேஸுக்கான மரபணு எல்லாரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. மாவுச்சத்து மிகுந்த உணவை வழிவழியாக உண்ட மக்களிடம் அதன் படிகள் சராசரியாகக் கூடுதலாக இருப்பதை 2007இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறதாம். மூன்று வேளையும் அரிசி உண்ணும் எனக்கு ஒன்பது நிமிடமா என்று சற்று வருத்தமாகவே இருந்தது.

பிப்ரவரி 8, வெள்ளி

தேர்வில் எந்த எண்ணை எழுதுவது என்பதே இன்றைய பேச்சு. நோட்டில் உள்ளதை எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது முதல் பெஞ்சுக்காரியின் கட்சி. நான்கு பேருக்கும் ஒரே நேரம் வந்தால்தான் கேள்வி வரும் என்றாள் நான்காமவள். நான் பழைய எண்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, திங்கள்

சீட்டு எடுத்ததில் எனக்கு வெப்பநிலைச் சோதனையே வந்தது. 37 டிகிரியில் எட்டரை நிமிடம். 80 டிகிரிக் குழாயில் இருபது நிமிடம் ஆகியும் கருநீலம் மாறவில்லை. 5 டிகிரிக் குழாயிலும் அவ்வாறே. மூன்றையும் பார்த்தபடியே எழுதினேன். தேர்வாளர் கட்டுப்பாட்டுக் குழாயைப் பற்றிக் கேட்டபோது எலுமிச்சைக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வினிகர் யாருடைய யோசனை என்று மட்டும் கேட்டார்.

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும், தூக்கிக் கொட்டவேண்டிய குழாய்கள் இரண்டும் என் முன்னால் இருந்தன. 80 டிகிரிக் குழாய் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. குளிர்க்குழாயைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து, ஆய்வக அண்ணா தட்டுகளைச் சேகரித்தபடி என் மேசைக்கு வந்து சேரும்வரை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்தி வைத்திருந்தேன். "அதையும் கொடும்மா" என்றவரிடம் ஒரு நிமிடம் கேட்டு, ஓட்டில் மீதமிருந்த இரண்டு குழிகளில் ஆளுக்கொரு சொட்டு விட்டேன். சூடுபட்ட குழாயின் சொட்டு மைபோல் கறுத்தது. குளிர்ந்திருந்ததன் சொட்டு செங்கல் நிறத்தில் நின்றது. எதிர் மேசையிலிருந்த முதல் பெஞ்சுக்காரியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள், பிறகு அண்ணாவிடம் அவளும் ஒரு நிமிடம் கேட்டாள்.