"கொஞ்சம் வெள்ளையா எடுத்துக் குடுங்க"

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண சீசன் போக, எங்களுக்கு நாலு காசு வருவது எல்.கே.ஜி. அட்மிஷன் நேரத்தில்தான். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகக் குழந்தைகளைக் கூட்டி வருவார்கள்.

ஸ்டூலில் உட்கார வைத்ததும் பேச்சு ஆரம்பிக்கும். "அண்ணா, பாப்பா கருப்பா இருக்கா, கொஞ்சம் வெள்ளையா எடுத்துக் குடுங்க." கூட வந்த பாட்டி, "அவங்கம்மா வீட்டு நெறம்" என்பார். "வாயத் தொறக்காதடா கண்ணு, எலி கடிச்ச பல்லு தெரியும்." சுவரில் ஈரம் இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். கெட்டவர்கள் இல்லை. அதே பாட்டிதான் முந்தானையால் முகம் துடைத்துத் திருஷ்டிப் பொட்டும் வைப்பார்.

அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்பது லென்ஸ் வழியாகப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஐந்து, ஆறு வயதில் கதை வேறு. மோவாய் இறங்கும். கண் கேமராவை விட்டு அம்மாவின் முகத்துக்குப் போகும். ஆறேழு வயதில் முன்பல் விழுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் கேலி கேட்ட பிள்ளை, புதுப் பல் முளைத்த பிறகும் உதட்டை இறுக்கிக்கொண்டே நிற்கும். ஏற்காட்டுப் பள்ளிகளுக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போனாலும் இதே கதைதான். 'குண்டு' என்று பெயர் வாங்கிய பையன், உயரம் குறைவாக இருந்தாலும், சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவான்.

பாராட்டும் சும்மா போவதில்லை. "சின்னவதான் எங்க வீட்டு அழகி" என்றால், மீதிப் பாதி பெரியவளுக்குத் தானாகக் கேட்டுவிடும்.

இதில் கொஞ்சம் பழி கேமராவுக்கும் உண்டு. பின்னால் வெள்ளைத் திரை, மேலே வெள்ளைச் சட்டை என்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது குறைத்துக்கொள்ளும். மாநிற முகம் இருண்டு போகும். ஃபிலிம் காலம் இன்னும் மோசம். நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க லேப்களுக்குக் கோடாக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'களில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, வெளிச்சம் முகத்தில் திரும்பி விழப் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டை பிடித்தால் போதும், எந்த நிறத்து முகமும் உள்ளபடியே பளிச்சென்று வரும்.

போன சீசனில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, "அண்ணா, பிரைட் பண்ணிடுங்க" என்றான். எடுத்ததையும் வெளுக்க வைத்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். மூக்கும் கன்னமும் பிரித்துத் தெரியாத அந்த வெளுத்த முகத்தைத்தான் தொட்டுக் காட்டினான்.

அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் பழுப்பு பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கை ஒன்றையும் குறிப்பிட்டது. அங்கே சட்டமே பிரித்து வைத்திருந்தது. இங்கே விளம்பரமும் வீட்டுப் பேச்சும் போதும். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்'ஐ எடுத்துவிட்டது. நம் பாட்டிகள் இன்னும் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் பேச வேண்டியதைக் கவுன்ட்டரிலேயே பேசி முடித்துவிட்டு, குழந்தையோடு ஒருவர் மட்டும் உள்ளே வாருங்கள் என்கிறேன். டிபன் பாக்ஸில் இன்றைக்கு என்ன என்று கேட்டால் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் வாய் திறந்துவிடும், பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பத்து வயதுக்குக் கீழே நிறத்தில் கை வைப்பதில்லை. அதற்காக இரண்டு கடை தள்ளிப் போகிறவர்களும் உண்டு. அங்கே பத்து ரூபாய் அதிகம்.