அப்பாவின் பேண்ட், பாரதியின் கோட்டு

வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. மகள் எங்களிடம் சொன்னது புதன் இரவு! வாடகைக்கு எடுக்கலாமா என்றேன். அம்மா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன். ஆச்சி காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் வேடம் என்றால் தைப்பதுதான்.

மகளுக்குப் பாரதியார் வேடம். அம்மாவின் கையில் அப்பாவின் பழைய கருப்புப் பேண்ட் பாரதியின் கோட்டாக மாறியது. முழங்காலுக்குக் கீழே வெட்டினால் குழந்தையின் கோட்டுக்குக் கை தயார், பக்கத் தையல்கூட வேண்டாம். முண்டாசை மட்டும் தலையில் கட்டவில்லை. குடத்தைக் கவிழ்த்து அதில் சுற்றி, மடிப்புகளை உள்ளே நூலால் பிடித்துத் தொப்பிபோல் ஆக்கிவிட்டார். ஆடினாலும் அவிழாது. கோட்டின் ஓரங்களில் இரண்டு விரற்கடை துணியும் மடித்து விட்டிருக்கிறார், அடுத்த ஆண்டு பிரித்துவிடலாமாம்.

பரிசு இல்லை. கண்மை மீசையோடுதான் தூங்குவேன் என்று படுத்துவிட்டாள். தலையணை உறை போயிற்று.