அடுப்பை எண்ணினால் குடும்பம் தெரியுமா?

கணக்கெடுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்: ஒரே சமையலில் சாப்பிட்டு, சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதியும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு ஆய்வுக்காக மன்னார்குடிப் பக்கம் வீடு வீடாகப் போனபோது இந்த விதி எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

ஒரு வீட்டில் மாமியார் கீழே, மகனும் மருமகளும் மாடியில். இரண்டு அடுப்பு, இரண்டு ரேஷன் கார்டு. சரி, இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து ஒரு தூக்கில் குழம்பு இறங்கி வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி பையைக் கழற்றிப் போடுவது பாட்டியின் கட்டிலில்தான். அந்த அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் ஊசிக்கும் பணம் அனுப்புவது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சின்ன மகன். அவர் பெயரை எழுத என் படிவத்தில் இடமே இல்லை.

“உலைதான் தனி தம்பி, மத்தபடி நாங்க ஒண்ணாத்தான் இருக்கோம்” என்றார் அந்த அம்மா.

கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டது என்று புள்ளிவிவரத்தோடு யாராவது எழுதினால், அந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். சமூகவியலில் இது பழைய விவாதம். குஜராத்தின் மஹுவா ஊரை ஆராய்ந்த ஐ.பி. தேசாய், தனித்தனி வீட்டில் இருப்பவர்களைச் சொத்தும் கடமையும் எப்படிச் சேர்த்துக் கட்டுகின்றன என்று 1964இலேயே எழுதினார். 1973இல் ஏ.எம். ஷா, ஒரு வீட்டில் வசிப்பவர்கள் வேறு, குடும்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் எல்லோரும் பெரிய கூட்டுக்குடும்பமாகவே வாழ்ந்தார்கள் என்ற நம்பிக்கையையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

அதற்காக எதுவும் மாறவில்லை என்று சொல்ல வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைகிறது. இந்த மாற்றம் புரிய வேண்டுமானால் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்திய மனித வளர்ச்சி ஆய்வு 2004-05இல் 41,000க்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்தது. 2011-12இல் அவற்றில் பெரும்பாலான வீடுகளுக்கு மறுபடியும் போனது. அந்த மாதிரி வேலைக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், படிவத்தில் இரண்டு கேள்வி சேர்க்கச் சொல்வேன். இந்த வீட்டிலிருந்து வேறு எந்த வீட்டுக்குச் சாப்பாடு போகிறது? ராத்திரி நெஞ்சு வலித்தால் யாருக்கு முதலில் போன் போடுவீர்கள்?