இருபது டன் தராசு: கான்கார்டு நாட்குறிப்பு

24 அக்டோபர் 2023, செவ்வாய்

ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானம் கான்கார்டு, கடைசியாகப் பயணிகளோடு லண்டன் ஹீத்ரூவில் இறங்கி இன்றோடு இருபது ஆண்டு. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்தைப் பேசுவார்கள், கூர் மூக்கைப் பேசுவார்கள், ஷாம்பெயினைப் பேசுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எரிபொருள்தான். முழு எடையில் கிளம்பும்போது 185 டன். அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 95 டன், எரிபொருள். பயணிகள் நூறே பேர். அந்த 95 டன் எரிக்க மட்டும் ஏற்றியதல்ல. விமானத்தைச் சமநிலையில் வைத்ததும் அதுதான், சூட்டை வாங்கிக்கொண்டதும் அதுதான். லண்டன்–நியூயார்க் பயணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த எரிபொருளின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்புகள்.

25 அக்டோபர், புதன்

கிளம்புதல். மற்ற விமானங்களில் குறைந்த வேகத்திலும் தூக்குவிசை தர இறக்கையில் நீளும் ஃபிளாப் இதில் கிடையாது, ஸ்லாட் கிடையாது. பின்விளிம்பில் ஆறு எலிவான்கள் மட்டும், விமானத்தை ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் மடியும் தகடுகள். மெல்லிய டெல்டா இறக்கை மூக்கைத் தூக்கினால்தான் தாங்கும். மேற்பரப்பில் சுழல்காற்று உருண்டு எழுந்து தூக்குவிசை தரும். அதனால் வேகமும் அதிகம் வேண்டும். முழு எடையில் 195 நாட், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் வந்த பிறகே மூக்கைத் தூக்குவார்கள்.

கேப்டன் "த்ரீ, டூ, ஒன், நவ்" என்று எண்ணி, நான்கு த்ராட்டில்களையும் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடிகள்) ஒரே வீச்சில் முன்னே தள்ளுவார். ரீஹீட் சுவிட்சுகள் முன்பே போட்டிருக்கும்; எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டுவதுதான் ரீஹீட். எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவாகப் பற்றிக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கம்: 4-ஆம் எஞ்சினை மட்டும் 60 நாட் வரை 88 சதவீதத்தில் கட்டிவைப்பார்கள். இறக்கை முன்விளிம்பிலிருந்து இன்டேக்குக்குள் (எஞ்சினுக்குக் காற்று புகும் வாய்) போகும் சுழல், அந்த எஞ்சினில் ஒத்துவராத திசையில் சுழன்று கம்ப்ரசர் தகடுகளை அதிரவைக்கும். ஓட்டம் சற்று வேகம் பிடித்ததும் அந்தச் சுழல் கலைந்துவிடும், கட்டும் அவிழும்.

எழும்பி ஒன்றேகால் நிமிடம் போல ஆனதும் இன்னொரு எண்ணிக்கை. இந்த முறை ரீஹீட்டை அணைத்து, த்ராட்டிலைப் பின்னுக்கு இழுப்பார்கள். கீழே இருக்கும் வீடுகளின் காதுக்காக. கேபினில் விமானம் சட்டென்று அமுங்குவது போலிருக்கும் என்பதால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

27 அக்டோபர், வெள்ளி

இன்று தராசு.

ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது இறக்கையில் தூக்குவிசை மையம் இரண்டு மீட்டர் அளவு பின்னுக்கு நகரும். எடை மையம் இருந்த இடத்திலேயே இருந்தால் மூக்கு கீழே குத்தும். எலிவானை மேலே மடக்கிச் சரிக்கட்டலாம். ஆனால் மடக்கிய எலிவான் காற்றில் இழுத்துக்கொண்டே வரும், அந்த இழுவையோடு அட்லாண்டிக்கைத் தாண்ட எரிபொருள் போதாது. ஆகவே எடையையே நகர்த்தினார்கள்.

மொத்தம் 13 டாங்கிகள். 1 முதல் 4 வரை எஞ்சின்களுக்கு நேரே ஊட்டுபவை. 5 முதல் 8, கூடவே 5ஏ, 7ஏ, பிரதான இருப்பு. 9, 10 முன்னே, 11 வாலில். மாக் 0.95-இல் (மாக் 1 என்றால் ஒலியின் வேகம்) பிரிஸ்டல் கால்வாய் நோக்கிப் போகும்போதே, விமானிகளுக்குப் பின்னே மூன்றாவது இருக்கையில் இருக்கும் ஃபிளைட் இன்ஜினீயர் வேலையைத் தொடங்கியிருப்பார். முன்டாங்கிகளிலிருந்து 11-க்கும், பிறகு 5, 7-க்கும், மொத்தம் சுமார் இருபது டன். கிளம்பும்போது இறக்கை நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நீளம்) 53.5 சதவீதத்தில் இருந்த எடை மையம், மாக் 2-இல் 59-க்குப் போய்ச் சேரும்.

இது சும்மா பம்பைப் போட்டுவிட்டுக் கைகட்டி உட்காரும் வேலை இல்லை. ஒவ்வொரு மாக் எண்ணுக்கும் எடை மையம் எங்கே இருக்கலாம் என்று முன் எல்லை ஒன்று, பின் எல்லை ஒன்று. மீட்டரில் இரண்டு குறிகளாக அவை நகரும். பம்பு பின்தங்கினால் வேகம் கூட்டுவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பின்னே போனது திரும்பி வராவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது: வேகம் குறையும்போது தூக்குவிசை மையம் முன்னே வந்துவிடும், வால் கனமாகவே இருக்கும், மூக்கு மேலே எகிறும். அதனால்தான் 11-ஆம் டாங்கியில் மின்பம்புகள் போதாதென்று ஹைட்ராலிக் பம்புகளும் வைத்தார்கள்.

மூன்றாவது இருக்கைக்காரரை வெறும் மீட்டர் பார்ப்பவராக நினைப்பது பெரிய அநியாயம்.

28 அக்டோபர், சனி

ஒலித்தடையைத் தாண்டும் நேரத்தில் கேபினில் தெரிவது இரண்டு மெல்லிய உந்தல்கள் மட்டுமே. ரீஹீட்டை இரண்டிரண்டு எஞ்சின்களாகப் பற்றவைப்பதால் இரண்டு. முன்சுவரில் உள்ள மாக் காட்டி 1.00 தாண்டும்போது கோப்பையில் இருப்பது அலம்பக்கூட அலம்பாது. மாக் 1.7-இல் ரீஹீட் நிற்கும். அதன்பின் மாக் 2 வரை, ரீஹீட் இல்லாமலே ஏறும்.

அது எப்படி முடிந்தது என்றால், இன்டேக். எஞ்சினுக்குள் மாக் 2 காற்று நேராகப் போனால் அது இயங்காது, மாக் 0.5 அளவுக்கு அடக்கியே கொடுக்க வேண்டும். நான்கு மீட்டரையொட்டிய பெட்டி ஒன்றுக்குள் அதைச் செய்தார்கள். மாக் 1.3 முதல் மேற்கூரையின் ராம்ப் தகடுகள் இறங்கத் தொடங்கும். அதிர்வலைகள் விளிம்பில் சரியாக வந்து உட்காரும்படி கணினி அவற்றைப் பிடித்துவைக்கும். பயண வேகத்தில் உந்துவிசையில் 63 சதவீதம் இன்டேக்கில் எழும் அழுத்தத்தால் கிடைத்தது.

அதிர்வலை இடம் தவறினால் சர்ஜ், அதாவது எஞ்சினுக்குள் காற்றோட்டம் தடுமாறும். பீரங்கி போல இடித்துக்கொண்டே இருக்கும். ஒரே கூட்டில் இரண்டு எஞ்சின் என்பதால் பக்கத்து எஞ்சினையும் தொற்றும். உடனே த்ராட்டில்களைப் பின்னுக்கு இழுத்து, எந்த எஞ்சின் என்று கண்டுபிடித்து, அதன் இன்டேக்கை ஒரு கட்டுப்பாட்டுப் பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு இன்டேக்குக்கும் ஏ, பி என இரண்டு பாதைகள் இதற்காகவே.

ஒரு எஞ்சின் முழுதாகப் போய்விட்டால் மாக் 0.95-க்கு இறங்கியாக வேண்டும். அந்த வேகத்தில் கிலோமீட்டர் கணக்குக்கு எரிபொருள் மிச்சமாகாது. நியூயார்க்கை மறந்துவிட்டு கனடாவின் கேண்டருக்கோ ஹாலிஃபாக்ஸுக்கோ திருப்ப வேண்டியதுதான்.

1 நவம்பர், புதன்

சிங்கப்பூர் வழி நின்ற நாள்: 1 நவம்பர் 1980. லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் 1977 டிசம்பரில் தொடங்கி, மலேசியா தன் வான்வெளியில் ஒலிமுழக்கத்தை ஏற்காததால் மூன்றே பயணத்தில் நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் ஓடியது. இந்தியாவும் நிலத்துக்கு மேல் ஒலியை மிஞ்ச இசையவில்லை. ஜி-போவாட் என்ற விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம். 1996 பிப்ரவரி 7-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்து சாதனை படைத்ததும் இதே விமானம்.

4 நவம்பர், சனி

சூடு. பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே உறைபனிக்கும் கீழே குளிர். மூக்கு நுனியிலோ 127 டிகிரி. அதுதான் எல்லை, அதைத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். உடல் அலுமினியக் கலவை என்பதால் விமானம் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். கைப்பிடி அளவுச் சன்னலில் விரலை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். ஏர் கண்டிஷனரின் சூட்டையும் ஹைட்ராலிக் எண்ணெயின் சூட்டையும் எஞ்சினுக்குப் போகிற வழியில் எரிபொருள் வாங்கிக்கொள்ளும்.

வெள்ளை நிறம் அழகுக்காக அல்ல, சூட்டைத் திருப்பி அனுப்ப. 1996-இல் ஏர் பிரான்சின் ஒரு விமானத்துக்கு பெப்சி விளம்பரத்துக்காக நீலம் பூசினார்கள். இறக்கையை வெள்ளையாகவே விட்டார்கள். அப்படியும் மாக் 2-இல் இருபது நிமிடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு.

ஃபிளைட் இன்ஜினீயரின் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே, தரையில் தாள்கூட நுழையாது. மாக் 2-இல் அங்கே உள்ளங்கை நுழையும். கடைசிப் பயணங்களில் சிலர் தங்கள் தொப்பியை அந்த இடுக்கில் செருகினார்கள். விமானம் குளிர்ந்தது, இடுக்கு மூடியது, தொப்பி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

7 நவம்பர், செவ்வாய்

2001-இல் இதே நாளில் கான்கார்டு பயணிகளோடு மீண்டும் பறந்தது. அதை நிறுத்திவைத்த விபத்து, 25 ஜூலை 2000, பாரிஸ்: ஓடுபாதையில் கிடந்த டைட்டானியப் பட்டை, கிளம்பிக்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் கான்கார்டின் டயரைக் கிழித்தது, நாலரை கிலோ ரப்பர்த் துண்டு 5-ஆம் டாங்கியின் அடியில் மோதியது. டாங்கி நிறைந்திருந்ததால் மோதிய அதிர்ச்சி எரிபொருளுக்குள் அலையாக ஓடி, தகட்டை உள்ளிருந்து வெளியே பிளந்தது. கசிவு தீப்பற்றி, 113 உயிர்கள் போயின. சமநிலைக்கும் குளிர்ச்சிக்கும் துணைநின்ற அதே எரிபொருள் என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

திருத்தங்கள்: டாங்கிக்குள் கெவ்லர்–ரப்பர் உறை (ஓட்டையை முழுதும் அடைக்காது, தீ நிலைக்காத அளவுக்குக் கசிவைக் குறைக்கும்), சக்கரக்குழியில் கவசமிட்ட கம்பிகள், பெரிய துண்டாகப் பிய்ந்து பறக்காத மிஷ்லின் டயர்கள்.

13 நவம்பர், திங்கள்

குளிர்காலத்தில் லண்டனிலிருந்து மாலையில் கிளம்பினால், ஹீத்ரூவில் இருட்டியிருக்கும். மாக் 2 பிடித்த சிறிது நேரத்தில் சூரியன் மேற்கில் எழும். அந்த அட்சரேகையில் பூமி மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம் சுழல, கான்கார்டோ 2,150-இல் ஓடியது. மேலே வானம் கருநீலம்.

26 நவம்பர், ஞாயிறு

2003-இல் இதே நாளில் ஜி-போவாஃப் என்ற கான்கார்டு, தான் கட்டப்பட்ட, பிரிஸ்டலை அடுத்த ஃபில்டனுக்கு வீடு திரும்பியது. பிஸ்கே விரிகுடாவுக்கு மேல் ஒருமுறை ஒலியை மிஞ்சிவிட்டு, பிரிஸ்டல் நகரைச் சுற்றி வந்து இறங்கியது. மூக்கு 12.5 டிகிரி கீழே, உடல் 11 டிகிரி மேலே. சக்கரம் தொடும்போதும் விமானியின் கண் தரையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல். தரையை நெருங்கும்போது மூக்கு தானாகக் கவிழப் பார்க்கும், கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பு, கடலுக்கு மேல் வேகம் குறையத் தொடங்கியபோது, மூன்றாவது இருக்கையில் பம்புகள் போடப்பட்டன. வாலுக்குப் போயிருந்த எரிபொருள் 11-இலிருந்து 9-க்கு, கடைசித் தடவையாக, முன்னே வந்தது.