ஃப்ரீ ஸ்டேட்டைத் தாண்டினால் பனி

தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம். ஆனால் டர்பனில் அந்த மாதத்திலும் எங்கள் வீட்டு மாமரம் பச்சையாகத்தான் நிற்கும், தெருப் பையன்கள் கடலில் குளிக்கப் போவார்கள். அந்த மாதத்தில்தான் நான் கம்பளி உடுப்பு, தடித்த காலுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு பனிச்சறுக்குக்கு மலைக்குக் கிளம்புவேன். 1996-லிருந்து இப்படித்தான். நடுவில் தவறிய வருஷங்கள் மிகக் குறைவு. வருஷத்துக்கு நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அந்த நாலு நாளுக்காக மீதி வருஷம் முழுக்க முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசை தொடங்கியது அதற்கு ரொம்ப முன்னால். அப்பா லாரி ஓட்டுநர், பெரும்பாலும் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் ஓட்டம். வழியிலுள்ள மூயி ரிவர் என்ற ஊரில் சரக்கு இறக்கப் போன ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு ஏழு வயது. முந்தின ராத்திரி பனி கொட்டியிருந்ததால் டிராக்கன்ஸ்பெர்க் மலை முழுக்க வெள்ளை. அங்கே போகலாமா என்று கேட்டேன். அப்போது இனஒதுக்கல் காலம், அந்த மலையடிவார விடுதிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்குத்தான். அதையெல்லாம் ஒரு குழந்தையிடம் சொல்லாமல், "பெரியவனாகிப் போய்க்கோ" என்று மட்டும் அப்பா சொன்னார்.

பெரியவனாகிப் போனது டிஃபிண்டெல் என்ற சறுக்குத் தளத்துக்கு. கிழக்கு கேப் மாகாணத்தில் ரோட்ஸ் என்ற குட்டிக் கிராமத்துக்கு மேலே, 3001 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயி மலையின் சரிவில் இருக்கிறது. முதல் நாள் முழுக்க விழுந்தேன். காரணம் ஒன்றுதான்: சரிவில் நிற்கும்போது உடம்பு பயந்து மலைப் பக்கம் சாயப் பார்க்கும், அப்படிச் சாய்ந்தால் காலில் மாட்டிய சறுக்குப் பலகையின், அதாவது ஸ்கீயின், விளிம்பு பிடியை விட்டுவிடும், வழுக்கிக்கொண்டு போய்விடுவோம். பாரம் பள்ளத்துப் பக்கக் காலில் இருக்க வேண்டும், கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்த வேண்டும். "காலைப் பார்க்காதே, எங்கே போக வேண்டுமோ அங்கே பார்" என்று கற்றுக்கொடுத்தவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீமிதிக்கு வரிசையில் நிற்கும்போது எங்கள் ஆயா சொல்வதும் இதேதான். குழியைப் பார்க்காதே, அந்தப் பக்கம் அம்மனைப் பார். அடுத்த நாள் காலையில் முதல் தடவையாக ஒரு திருப்பம் முழுசாக வந்தது. பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறும் அந்த அரை நொடியில் உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் விளிம்பு பனியைக் கடிக்கும் சத்தம். அந்தச் சத்தம்தான் இத்தனை வருஷமாக என்னை இழுக்கிறது.

இப்போது போவது பக்கத்து நாடான லெசோத்தோவில் உள்ள ஆஃப்ரிஸ்கி என்ற சறுக்குத் தளத்துக்கு. மலூட்டி மலையில், 3000 மீட்டருக்கு மேலே. பெரிய சரிவு ஒன்று, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். ஐரோப்பாவில் சறுக்கியவர்கள் இது போதுமா என்று கேட்பார்கள். எனக்குப் போதும். ஒரே சரிவை நாற்பது தடவை இறங்கினால்தான் அதன் மேடு பள்ளம் காலுக்கே தெரியும். பனியில் முக்கால்வாசி இயந்திரம் செய்தது, அதுவும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எங்கள் மலைகளில் குளிர்காலம் மழையில்லாத காலம், காற்று காய்ந்து கிடக்கும். பீரங்கி மாதிரி இருக்கும் இயந்திரம் தண்ணீரைத் தூவும்போது காய்ந்த காற்றில் கொஞ்சம் ஆவியாகும், ஆவியாகிற தண்ணீர் மிச்சத் துளியின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் அது சட்டென்று உறைந்துவிடும். ராத்திரி முழுக்க அது இரையும்.

குறுக்குநாட்டுச் சறுக்கு, அதாவது சமவெளியிலும் காட்டிலும் நம் காலாலேயே உந்திப் போவது, 2009-ல்தான் வந்தது. கப்பல் வேலையாக இரண்டு குளிர்காலம் ஓஸ்லோவில் இருந்தேன். அங்கே ஆட்கள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறுகிறார்கள், முதலாவது தடத்தில் ஃப்ரோக்னர்செட்டெரன் வரை போய் இறங்கினால் நூர்ட்மார்க்கா காடு. குதிகால் கட்டப்பட்டிருக்காது, ஸ்கீ ஒல்லி, அதன் நடுவில் மட்டும் பிடிப்புக்காக மெழுகு தேய்க்க வேண்டும். குளிர் நாளுக்கு நீல மெழுகு, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சிவப்பு. தப்பான நிறம் போட்டால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும், இல்லையென்றால் பனி அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெழுகு சரியாக அமைந்த நாளில் ஒரு உந்தலுக்கு நாலைந்து மீட்டர் சும்மா மிதந்து போகலாம். காட்டில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். சரிவில் இறங்குவது மலை தரும் சந்தோஷம், இது நான் உழைத்துச் சம்பாதித்தது, இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது. ஆஃப்ரிஸ்கியில் அந்த மாதிரித் தடம் கிடையாது. ஆனாலும் நிஜமான பனி விழுந்தால் ஒல்லி ஸ்கீயை எடுத்துக்கொண்டு மஹ்லசேலா கணவாய்ப் பக்கம் புல்வெளியில் கொஞ்ச தூரம் போய் வருவேன்.

டர்பனிலிருந்து போகிற வழி ஹாரிஸ்மித், பெத்லகேம், ஃபூரிஸ்பர்க். எல்லாமே ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். 1980-களின் நடுப்பகுதி வரை எங்களைப் போன்ற இந்தியர்கள் அங்கே குடியிருக்கச் சட்டம் விடவில்லை, கடந்து போகலாம், தங்கக்கூடாது. அப்பா எத்தனையோ ராத்திரி தூக்கக் கண்ணோடு ஹாரிஸ்மித்தைத் தாண்டி ஓட்டியிருக்கிறார். 2011-ல் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஃபூரிஸ்பர்க்கில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் நான் எழுந்தபோது அவர் ஏற்கனவே குளித்து, தலை வாரி, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "நல்லா தூங்கினேன்டா" என்றார்.

மேலே போனதும் லெசோத்தோக்காரர்கள் போர்த்தும் பசோத்தோக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்க் டீயோடு சரிவின் அடியில் நாற்காலி போட்டுக்கொண்டார். சாயங்காலம் லிஃப்ட் நிற்கிற நேரம். கடைசித் தடவை இறங்கி அவர் முன்னால் வந்து நின்றேன்.

"முப்பத்தி நாலு" என்றார். காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.