மார்க்கும் கம்மி, காசும் கம்மி: பாதிப் படிப்போடு ஜெர்மனி வரலாமா?

இன்ஜினியரிங் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, சிஜிபிஏ ஆறு ஆறரைதான் இருக்கு, வீட்ல பெரிய வசதியும் இல்ல, இந்தக் காலேஜை விட்டுட்டு அங்கே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துடலாமா?" கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் முடித்த கையோடு இங்கே வந்து சேர்ந்தவன் நான் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடுகிறது. வரலாம். ஆனால் ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற மாதிரியான டிரான்ஸ்ஃபரை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நடப்பது இதுதான். முதலில் புதுசாக அட்மிஷன் வாங்க வேண்டும். பிளஸ் டூவோடு அங்கீகாரம் பெற்ற பல்கலையில் ஒரு வருடத்தை ஒழுங்காக முடித்திருந்தால் அதே துறையில் நேரடியாக விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் ஸ்டூடியன்கொலெக் என்கிற ஒரு வருட ஆயத்தப் படிப்பு வழியாக வர வேண்டும். இடம் கிடைத்த பிறகு, இந்தியாவில் பாஸ் செய்த பாடங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அந்தத் துறையின் பரீட்சைக் குழுவிடம் தனியாக மனுப் போட வேண்டும். அவர்கள் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள். எனக்குக் கணிதமும் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸும் தேறின. முதல் செமஸ்டரில் படித்த 'தமிழர் மரபு' பாடத்துக்கு இங்கே மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் ஜோடி தேட முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

மார்க் விஷயத்துக்கு வருவோம். இந்திய மார்க்கை ஜெர்மன் கிரேடாக மாற்ற பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். 1.0 முதல் தரம், 4.0 தப்பிப் பிழைத்த பாஸ். சிஜிபிஏ 6.5, பாஸ் மதிப்பு 5 என்றால் 3.1 வரும். அதே 6.5-க்குப் பாஸ் மதிப்பு 4 என்று இருந்தால் 2.75. அதனால் மார்க் ஷீட்டைப் புரட்டி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அடித்திருக்கிற கிரேடு அட்டவணையைப் பாருங்கள். உங்கள் தலையெழுத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

3.1 என்பது மாஸ்டர்ஸுக்குச் சிரமம், 2.5 கேட்கிற இடங்கள் நிறைய. ஆனால் பேச்சலரில் பல இன்ஜினியரிங் படிப்புகளுக்கு இடக் கட்டுப்பாடே கிடையாது, அடிப்படைத் தகுதி இருந்தால் சீட் உண்டு. அங்கே உங்களைத் தடுப்பது மார்க் இல்லை, மொழி. அரசுப் பல்கலைகளில் பேச்சலர் பெரும்பாலும் ஜெர்மனில்தான், அதுவும் ஏறக்குறைய சி1 அளவு (ஏ1-இல் தொடங்கும் ஆறு மொழிப் படிகளில் ஐந்தாவது) கேட்பார்கள். நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிட்யூட்டில் ஏ1 முடித்துவிட்டு சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதில் யாரும் சொல்லித் தராத ஒரு சங்கதி இருக்கிறது. பழைய பாடத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அதன் கிரேடும் சேர்ந்து வந்து ஜெர்மன் டிகிரியில் உட்கார்ந்துகொள்ளலாம். கிரேடு வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்று எல்லா இடத்திலும் கேட்க முடியாது. பொதுவாக நீங்கள் மனுப் போட்டால்தான் ஏற்பு, எனவே ஐந்தும் ஆறும் வாங்கிய பாடங்களை மனுவில் சேர்க்காமல் இங்கே மறுபடி படித்து நல்ல கிரேடு வாங்கலாம். மார்க்கைப் பார்த்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்கிறது. பர்ஸைப் பார்த்தால் ஒரு பாடத்தையும் விடாதே, ஒவ்வொரு செமஸ்டரும் காசு என்கிறது. இரண்டையும் சேர்த்துத் திருப்திப்படுத்த வழியில்லை. நான் நல்ல மார்க் வாங்கிய பாடங்களுக்கு மட்டும் மனுப் போட்டேன், மற்றதைத் திரும்பப் படித்தேன், அதனால் படிப்பு நீண்டது.

நீண்டால் என்ன செலவு? விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது ஒரு வருடச் செலவைப் பூட்டி வைக்கிற கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பரில் உயர்த்திய தொகை), ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அதிலிருந்து மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். அரசுப் பல்கலைகளில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் இப்போது வாங்குகிறது. கெம்னிட்ஸ், மாக்டபுர்க் மாதிரி ஊர்களில் வாடகை குறைவு, பார்ட் டைம் வேலையும் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. கணக்குப் போட்டால் ஓட்டிவிடலாம் போலத் தெரியும். ஆனால் பரீட்சை மாதங்களில் ஷிஃப்ட்டுக்குப் போக முடியாது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி பெயரில் இருந்த வீட்டை வைத்துத்தான் லோன். ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே பேங்க் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டு அறிக்கை என்று அப்பா ஒரு மஞ்சப்பையோடு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கும் பேங்குக்கும் நடையாய் நடந்தார். சொத்து கூட்டுப் பட்டாவில் கிடந்தால் அட்மிஷனுக்கு முன்னாலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள், சித்தப்பா கையெழுத்துக்காகக் காத்திருக்கையில் ஒரு செமஸ்டர் போய்விடும்.

"ஃப்ரீ கவுன்சலிங்" கன்சல்டன்சிகள் பற்றி ஒரு வார்த்தை. மார்க் கம்மி என்று சொன்னதும் அவர்கள் காட்டுவது தனியார் பல்கலை, வருடத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ ஃபீஸ். கமிஷன் அங்கேதான் கிடைக்கிறது. காசு இல்லாதவனுக்கு அது வழியே இல்லை.

அரியர் பழக்கத்தோடும் வராதீர்கள். இந்தியாவில் மாதிரி இங்கே எழுதிக்கொண்டே இருக்க முடியாது, பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பை ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலையிலும் தொடர முடியாமல் போகலாம். மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் என் கருத்து, அரியரை முடித்து டிகிரியை வாங்கிவிட்டு மாஸ்டர்ஸுக்கு வாருங்கள், கடைசி செமஸ்டர்களில் சிஜிபிஏவைக் கொஞ்சம் தூக்க முடியும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைகூட மாஸ்டர்ஸுக்கும் பிஎச்டிக்கும்தான். முதல் வருடம் முடிகிற நேரம், ஜெர்மனும் பி1 தாண்டி சி1-ஐ நெருங்கிவிட்டது என்றால் தயங்காமல் கிளம்பலாம்.

கிளம்ப முடிவெடுத்தால், நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் விசா நகராது. அப்புறம் காலேஜ். பாதியில் போகிறவனிடம் மிச்ச வருட ஃபீஸைக் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் என்று என் காலேஜில் சொன்னார்கள். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பை பிரின்ட் எடுத்து, பிரின்சிபாலுக்குக் கடிதத்தோடு இணைத்து, நகலைப் பல்கலைக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியதும் ஃபைல் நகர்ந்தது. டிரான்ஸ்கிரிப்டையும் சீல் வைத்த சிலபஸ் நகலையும் போகிறேன் என்று வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சொன்ன பிறகு சீல் வைக்கிற கிளார்க் எப்போது போனாலும் லீவில்தான் இருப்பார்.